நெஞ்சுப் படம்: எக்ஸ்ரேயா, அல்ட்ரா சவுண்டா, சி.ரி. ஸ்கேனா? எதை முதலில் எடுப்பது, எங்கே எடுப்பது?

திருகோணமலையில் எக்ஸ்ரே அறையில் வேலை செய்த காலத்தில் வாசலில் நின்று பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, இந்த எக்ஸ்ரேயிலை என்ன தெரியப்போகுது? நேரா ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் என்ன?" கேட்பவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. வீட்டில் ஒருவர் இரவு முழுக்க இருமுகிறார், உடம்பு மெலிகிறது, படியேற மூச்சு வாங்குகிறது. காசு போனாலும் போகட்டும், ஒரு விடை கையில் வேண்டும் என்ற தவிப்புத்தான் அந்தக் கேள்வி.

ஆனால் நெஞ்சு வருத்தங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரி.பி., நிமோனியா, புற்றுநோய், சுவாசப்பை தழும்பு பிடித்து இறுகும் வருத்தம், இரத்தக்கட்டி எல்லாமே இருமல், இளைப்பு, நெஞ்சு நோ என்ற இரண்டு மூன்று அறிகுறிகளோடுதான் வரும். படத்திலும் ஒன்று மற்றதைப் போலவே தோன்றும். ஆகவே எந்தப் படம் என்று முடிவெடுக்க முன்னர், அந்தப் படத்திடம் என்ன கேட்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கேள்வி தெளிவில்லாமல் எடுத்த ஸ்கேன் பல வேளை திரும்பவும் எடுக்க வேண்டி வருகிறது. அதற்குள் ஒரு மாதம், இரண்டு மாதம் போய்விடும்.

எக்ஸ்ரேயைக் கைவிடாதீர்கள்

1895 நவம்பர் 8ஆம் திகதி ரொன்ட்ஜன் கண்டுபிடித்த கதிர்தான் இன்றும் நெஞ்சு வருத்தத்துக்கு முதல் கதவு. நின்றபடி, நெஞ்சைத் தட்டில் ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து எடுக்கும் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) கதிர்தான் உடம்பில் படும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதர் வருடத்துக்குச் சராசரியாக வாங்கும் கதிர் 2.4 மில்லிசீவர்ட். சாதாரண நெஞ்சு சி.ரி. 6, 7 மில்லிசீவர்ட் வரை போகும். அதாவது ஒரு சி.ரி. ஸ்கேனுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது எக்ஸ்ரே வரை எடுத்துவிடலாம். தேவையான சி.ரி. ஸ்கேனைப் பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. தேவையில்லாமல் கேட்டு வாங்கவும் கூடாது என்பதற்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

நிமோனியாவா, சுவாசப்பையைச் சுற்றிப் பெரிய அளவில் நீர் கோத்திருக்கிறதா, சுவாசப்பை சுருங்கிக் காற்று வெளியே நிற்கிறதா, இதயம் வீங்கியிருக்கிறதா, மேல் மூலையில் பொந்து விழுந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு எக்ஸ்ரே நல்ல விடை தரும். அதற்குத் தெரியாத மூலைகளும் உண்டு. இதயத்துக்குப் பின்னால், காறையெலும்புக்குப் பின்னால், நடுவிலுள்ள பெரிய குழாய்களின் முடிச்சில், உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழே ஒரு கட்டி ஒளிந்து நின்றால் படம் சுத்தமாகத்தான் தெரியும். பக்கவாட்டுப் படம் ஒன்று சேர்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

இன்னொன்று. எக்ஸ்ரேயின் பெறுமதியில் பாதி அதை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காவிட்டால் கீழ்ப்பகுதி மங்கி நோய் மாதிரித் தெரியும். பின்னல் தோளில் விழுந்து கிடந்தால் மேல் மூலையில் ஒரு நிழல் விழும். அதை ரி.பி. என்று சந்தேகிக்கவும் இடமுண்டு. ஆகவே கொண்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டச் சொன்னால் தயங்காமல் கட்டுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராத அம்மாமார் உண்டு, அது எனக்கு விளங்குகிறது. கழற்றாவிட்டாலும் பரவாயில்லை, நெஞ்சுக்கு நடுவில் கிடக்காமல் மேலே தூக்கிப் பிடிக்க வழி செய்யலாம், வாய் திறந்து கேளுங்கள். கழுத்துத் தாயத்தும் அப்படித்தான். வாட்டில் கட்டிலிலேயே வைத்து எடுக்கும் படத்தில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த ஒரு படத்தை வைத்து "ஹார்ட் வீங்கிப் போச்சு" என்று வீட்டில் அழத் தொடங்காதீர்கள்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் சுவாசப்பையும் சுத்தம் என்று நினைப்பதுதான் ஆபத்து. சுவாசப்பைத் திசுவில் பரவும் தழும்பு வருத்தங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும் என்பது பழைய, நிலைத்த கணக்கு. சுவாசப்பை நாடியில் இரத்தக்கட்டி அடைத்தவருக்கும் படம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. மூச்சு முட்டுகிறது, படமோ சுத்தம் என்றால் அங்கேதான் யோசனை தொடங்க வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் சளியும் இரத்தமும்

நம்முடைய மாவட்டத்துக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால், சி.ரி. எவ்வளவு விலை என்று விசாரிக்க முன்னர் சளியைக் கொடுங்கள். காசநோய்க்கான மார்பு நோய் சிகிச்சை நிலையம் மாவட்டந்தோறும் இருக்கிறது, திருகோணமலையிலும் இருக்கிறது. பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். காலையில் எழுந்தவுடன் வாய் கொப்பளித்துவிட்டு அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலைக் கொண்டுபோனால் பரிசோதனையும் வீண், நாளும் வீண். ஜீன்எக்ஸ்பேர்ட் மெஷினில் போட்டால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, றிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் பல கிழமைகள் பிடிக்கும், சில வேளை எட்டுக் கிழமை வரை.

உலகத்தின் எந்த விலையுயர்ந்த ஸ்கேனும் "இது ரி.பி.தான்" என்று கையெழுத்துப் போடாது. பொந்து இருக்கிறது, மேல் பகுதியில் இருக்கிறது, பக்கத்தில் சிறு புள்ளிகள் மரக்கிளைபோலப் பரவியிருக்கின்றன, ஆகவே சந்தேகம் பலமானது என்ற அளவில் ரிப்போர்ட் நின்றுவிடும். கிருமியைக் காட்டுவது சளிதான்.

இதோடு சேர்த்து, கிழக்கு மாகாணத்து ஆட்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு வருத்தம் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பக்டீரியாவால் வருவது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், சேற்றில் இறங்கி வேலை செய்யும் கமக்காரர்களுக்கும், முக்கியமாகச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், இது நிமோனியாவாக வரலாம். அல்லது மாதக்கணக்கில் இழுபட்டு, மேல் சுவாசப்பையில் பொந்து விழுந்து, எக்ஸ்ரேயில் அசல் ரி.பி. மாதிரி நிற்கலாம். கந்தளாய், மூதூர், கிண்ணியா, சேருவில வயல்களில் நிற்கும் ஒருவருக்குச் சீனியும் இருந்து, காய்ச்சலும் இறங்காமல் இருந்தால், படத்தைப் பெரிதாக்குவதைவிட முதல் அன்ரிபயோட்டிக் ஊசி போட முன்னர் இரத்தக் கல்ச்சர் எடுப்பதுதான் உயிரைக் காக்கும். வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் இதற்கு வேலை செய்யா. பத்துப் பதினாலு நாளாவது நரம்பில் தகுந்த மருந்து, பிறகு மூன்று மாதமளவு குளிசை என்று நீளும் வைத்தியம் இது. "நான் வயலுக்குப் போறனான், எனக்குச் சீனியும் இருக்கு" என்ற ஒரு வசனத்தை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். இந்த வருத்தத்தில் வயிற்று அல்ட்ரா சவுண்டும் உதவும். ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டிகள் தெரிந்தால் நெஞ்சுப் படத்தின் பொருளே மாறிவிடும்.

நீர் கோத்திருந்தால் அல்ட்ரா சவுண்ட்

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் நீர் கண்ணுக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றராவது சேர வேண்டும். அல்ட்ரா சவுண்டில் அதில் சிறு பங்கே போதும். கதிர் இல்லை, கட்டிலருகிலேயே பார்க்கலாம், ஊசி குத்த வேண்டிய இடத்தையும் குறித்துத் தரும். நீர் தெளிவாக நிற்கிறதா, நூல் நூலாகச் சவ்வு கட்டி அறை அறையாகப் பிரிந்திருக்கிறதா என்பதை சி.ரி. ஸ்கேனைவிட இதுவே நன்றாகக் காட்டும்.

பலர் இங்கே வரிசையை மாற்றிவிடுகிறார்கள். ஒரு பக்கம் முழுக்க நீர் நிறைந்திருக்கும்போதே சி.ரி. எடுத்துவிட்டால் நீரின் பாரத்தில் சுருங்கிக் கிடக்கும் சுவாசப்பைதான் தெரியும். அதற்குள் கட்டி இருக்கிறதா இல்லையா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவசரம் இல்லையென்றால் முதலில் அல்ட்ரா சவுண்ட் துணையோடு நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, சுவாசப்பை விரிந்த பிறகு சி.ரி. எடுப்பது என்பதுதான் பொதுவாகப் பயன் தரும் ஒழுங்கு. நீரின் புரதம், கலங்களின் வகை, ரி.பி.யில் கூடும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு, புற்றுநோய்க் கலங்கள் ஆகியவை சொல்வதைப் படம் சொல்லாது.

காற்று நிறைந்த சுவாசப்பைக்குள் ஆழமாகப் பார்க்க அல்ட்ரா சவுண்டால் முடியாது. ஓரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

சி.ரி. என்றால் எந்த சி.ரி.?

1971 ஒக்டோபரில் லண்டனில் ஒரு வைத்தியசாலையில் முதல் நோயாளியின் தலையை சி.ரி. மெஷின் படமெடுத்தது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரேயில் முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சி.ரி. பாணை வெட்டுவதுபோல நெஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே காட்டும். காற்றுக்கு −1000, தண்ணீருக்கு 0 என்று அடர்த்தியை எண்ணாகவும் தரும். கட்டிக்குள் இருப்பது கொழுப்பா, நீரா, சுண்ணாம்பா என்று அந்த எண்ணைப் பார்த்து ஊகிக்கலாம்.

ஆனால் "சி.ரி. எடுத்தாச்சு" என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இல்லை. நெஞ்சுக்கு குறைந்தது மூன்று வகையாக எடுக்கலாம். மூன்றும் ஒரே மெஷின், ஒரே கட்டில், ஆனால் விடைகள் வேறு.

முதலாவது எச்.ஆர்.சி.ரி. ஒரு மில்லிமீற்றர் அளவான மெல்லிய துண்டுகள், மருந்து ஏற்றத் தேவையில்லை. மூட்டுவாதம் உள்ளவர்கள், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் குடிப்பவர்கள், மூட்டுக்கு மெதோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், கல் உடைக்கும் தூசியில் பல வருடம் நின்றவர்கள், புறா வளர்ப்பவர்கள் ஆகியோருக்கு மாதத்துக்கு மாதம் கூடும் இளைப்பும் வரட்டு இருமலும் வந்தால் கேட்க வேண்டியது இது. தழும்பு எங்கே தொடங்கியது, தேன்கூடு மாதிரிக் குழிகள் விழுந்துவிட்டனவா, கண்ணாடியில் ஆவி படிந்ததுபோன்ற மங்கல்தான் இன்னும் இருக்கிறதா என்பவையெல்லாம் இதில்தான் தெரியும். இந்தப் பிரிவுதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. மங்கல் மட்டும் என்றால் மருந்தில் குணமாக வாய்ப்பு அதிகம். தேன்கூடாகிவிட்டால் இருப்பதைக் காப்பாற்றுவதே நோக்கம்.

எச்.ஆர்.சி.ரி. எடுக்கும்போது குப்புறப் படுக்கச் சொன்னால் ஏன் என்று பயப்பட வேண்டாம். மல்லாந்து கிடக்கும்போது முதுகுப் பக்கச் சுவாசப்பை தன் பாரத்திலேயே கொஞ்சம் அமுங்கி மங்கலாகத் தெரியும். குப்புறப் படுத்தும் அந்த மங்கல் அப்படியே நின்றால்தான் அது உண்மையான நோய். மூச்சை முழுக்க வெளியே விட்டு நிற்கச் சொல்லியும் ஒரு தொகுதி எடுப்பார்கள். காற்று எங்கே சிக்கி நிற்கிறது என்பது அப்போது தெரியும், புறா எச்சத்தால் வரும் வருத்தத்தில் இது பெரிய தடயம். முதல் நாளே வீட்டில் மூச்சைப் பத்து, பதினைந்து விநாடி பிடித்துப் பழகிக்கொண்டு வாருங்கள். இருமிக்கொண்டே எடுத்த எச்.ஆர்.சி.ரி. படத்தில் உருவங்கள் இரட்டிப்பாகி மெல்லிய தழும்பு தொலைந்துபோகும்.

பழைய ரி.பி. பொந்துக்குள் பூஞ்சணம் உருண்டையாக வளர்ந்து இரத்தம் கக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் குப்புறப் படுத்தால் அந்த உருண்டை பொந்துக்குள் இடம் மாறும். இடம் மாறாத கட்டி என்றால் யோசனை வேறு பக்கம் போகும். படுக்கும் விதத்தை மாற்றுவதிலேயே இவ்வளவு விடை இருக்கிறது.

இரண்டாவது, மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தால், நடுநெஞ்சு அகன்றிருந்தால், நிணநீர் முடிச்சுகளை அளக்க வேண்டியிருந்தால், இருமலில் இரத்தம் வந்தால் இதுதான். அயடீன் கலந்த மருந்து இரத்தக் குழாய்களை வெள்ளையாக்கிக் காட்டும். கட்டி எதைத் தொடுகிறது, எதைச் சுற்றுகிறது என்பது தெரியும். புற்றுநோய்ச் சந்தேகத்தில் மருந்து ஏற்றாமல் வெறும் சி.ரி. எடுத்துக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். பெரும்பாலும் அவர்களைத் திரும்ப ஒருமுறை கட்டிலில் ஏற்ற வேண்டி வரும்.

மூன்றாவது, சுவாசப்பை நாடியில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். இதிலும் மருந்து ஏற்றுகிறார்கள்தான், ஆனால் மருந்து சுவாசப்பை நாடிக்குள் நிரம்பும் சில விநாடிகளைப் பிடித்து எடுக்க வேண்டும். இரண்டாவது வகைக்குரிய நேரத்தில் எடுத்தால் மருந்து அடுத்த குழாய்க்குப் போய்விட்டிருக்கும், இரத்தக்கட்டி கண்ணுக்குத் தவறிவிடும். ஆகவே படிவத்தில் "நெஞ்சு சி.ரி." என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, இரத்தக்கட்டிச் சந்தேகம் என்று எழுதியிருக்க வேண்டும். பிள்ளை பிறந்த சில கிழமைக்குள், காலுக்குப் பிளாஸ்ரர் போட்டுக் கிடந்த பிறகு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு திடீரென மூச்சு முட்டினால் இது நாளைக்குப் பார்க்கிற விசயமில்லை. தனியாரில் திகதி தேட வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்கு டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தால் ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம்.

மருந்து ஏற்றுவதென்றால் கிட்னியின் நிலை தெரிய வேண்டும், கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். சீனிக்கு மெட்ஃபோர்மின் குடிப்பவர்கள் அதைச் சொல்லுங்கள். கிட்னி மிகப் பலவீனமானவர்களுக்கு அதை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். முன்பு இந்த ஊசியால் உடம்பு தடித்து, மூச்சு முட்டியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். திருகோணமலை கடலோர ஊர் என்பதால் இதையும் சேர்க்கிறேன். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் "எனக்கு அயடீன் ஒத்துக்கொள்ளாது" என்று பயந்து ஸ்கேனையே தவிர்த்துவிடுகிறார்கள். இறாலுக்கு வரும் ஒவ்வாமை இறாலின் புரதத்துக்கு வருவது, அயடீனுக்கு வருவதல்ல. சொல்லுங்கள், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக ஸ்கேனை விடாதீர்கள்.

குறைந்த கதிரில், 1.5 மில்லிசீவர்ட் அளவில் எடுக்கும் சி.ரி. ஒன்றும் இருக்கிறது. பல வருடம் கடுமையாகப் புகை பிடித்தவர்களுக்கு நோய் வர முன்னரே தேடும் முறை. அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2011இல் வெளிவந்த ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களில் சுவாசப்பைப் புற்றுநோய் மரணம் 20 வீதம் குறைந்தது. ஆனால் பழைய ரி.பி. தழும்புகள் நிறைந்த நாட்டில் இதில் புள்ளிகள் நிறையத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீடு நித்திரை இழக்கும். வருத்தம் எதுவும் இல்லாதவர் தானாகப் போய் இதை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். சுவாச நோய் நிபுணர் சொன்னால் எடுங்கள்.

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் காலம் கழித்து இளைப்பு வந்த அம்மாமாருக்கும் முதலில் வேண்டியது ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. அதை விட்டுவிட்டு ஸ்கேன் எடுத்தால் மூச்சுக்குழாய் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தெரியாமலே போகும்.

படம் முடிந்து, சதை வேண்டிவரும்போது

கட்டி இருக்கிறது என்று சி.ரி. சொன்ன பிறகு பலர் "எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாகும்" என்று நினைக்கிறார்கள். காற்று நிறைந்த சுவாசப்பையில் எம்.ஆர்.ஐ. படம் பொதுவாக பலவீனமானது. தோள் பக்க நரம்புகளையோ முள்ளந்தண்டையோ கட்டி தொடுகிறதா என்ற கேள்விக்கு மட்டும் அது சிறந்தது.

பெட் ஸ்கேன் சர்க்கரையை விழுங்கும் இடங்களை ஒளிர வைக்கும். நோய் உறுதியான பிறகு அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க நல்ல கருவி. ஆனால் ரி.பி.யும் ஒளிரும், சீழும் ஒளிரும். நம் ஊரில் ஒளிர்ந்ததெல்லாம் புற்றுநோய் என்று முடிவெடுத்து மனம் உடைந்துபோக வேண்டாம்.

முடிவைச் சொல்வது சதைத் துண்டுதான். கட்டி பெரிய மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் வாய், மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் புரொன்கோஸ்கோபி. ஓரத்தில் இருந்தால் சி.ரி. பார்த்தபடி வெளியிலிருந்து ஊசி. ஊசி முறையில் காற்றுக் கசிந்து சுவாசப்பை கொஞ்சம் சுருங்குவது அரிதான சம்பவமல்ல. பெரும்பாலும் தானாக அடங்கும், சிலருக்குக் குழாய் போட வேண்டி வரும். ஆகவே அன்று வைத்தியசாலையில் இருக்கும்படி ஆயத்தமாகப் போங்கள். கழுத்தில் ஒரு முடிச்சு வீங்கியிருந்தால் அதிலிருந்தே துண்டு எடுத்து விடையைப் பெறலாம், நெஞ்சைத் தொடவே தேவையில்லை. வைத்தியரிடம் கழுத்தைக் காட்டாமல் வராதீர்கள்.

திருகோணமலையிலா, வெளியிலா?

எக்ஸ்ரே, சளி, அல்ட்ரா சவுண்ட், இரத்தக் கல்ச்சர் ஆகியவற்றுக்காக ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மார்பு நோய் நிலையத்திலும் முதல் சுற்றை முடித்துவிடுங்கள். வெளியூர் நிபுணரும் முதலில் அவற்றைத்தான் கேட்பார். கையில் இல்லாவிட்டால் அவரும் அங்கிருந்தே தொடங்குவார், நீங்கள் இரண்டு முறை பயணம் போக வேண்டும்.

சி.ரி. விசயத்தில் தெரிவு மூன்று: அரச வைத்தியசாலைத் திகதிக்குக் காத்திருப்பது, தனியாரில் காசு கட்டி உடனே எடுப்பது, பெரிய வைத்தியசாலைக்கு மாற்றம் கேட்பது. காசு வாங்கித் தருவது திகதியை மட்டும்தான். இரத்தம் கக்குபவருக்கும், கட்டிச் சந்தேகம் உள்ளவருக்கும் அந்தத் திகதிக்கு விலை உண்டு, கடன்பட்டாவது முந்துவது நியாயம். பல மாதமாக மெல்ல மெல்லக் கூடும் இளைப்புக்கு எச்.ஆர்.சி.ரி. எடுக்க இரண்டு, மூன்று கிழமை காத்திருப்பதில் பெரும்பாலும் இழப்பில்லை. அதில் முக்கியம் யார் வாசிக்கிறார் என்பது. தழும்பு வருத்தங்களில் படத்தை வாசிக்கும் கதிரியக்க நிபுணரும் சுவாச நோய் நிபுணரும் சேர்ந்து பேசி எடுக்கும் முடிவு, தனியொருவர் எழுதும் இரண்டு பக்க ரிப்போர்ட்டைவிட நம்பத்தக்கது. ஆகவே இந்த வகை நோயாளிகளுக்கு வெலிசறவிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ கடிதம் கேட்பது பெறுமதியானது. புற்றுநோய் உறுதியானால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கரையோரப் பாதையில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கிக் கேட்க முடியும் என்பது வயதானவர்களுக்குச் சிறிய விசயமில்லை.

கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போகும் பயணம் அது, இல்லையென்றால் இரவு மெயில் ரயில். விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிசன் அளவு 90க்குக் கீழே நிற்கும் ஒருவரை அப்படிக் கூட்டிப் போகாதீர்கள். அவருக்கு வைத்தியசாலையிலிருந்து அம்புலன்ஸ் மாற்றம்தான் வழி. மற்றவர்களுக்கு, ஆளைக் கூட்டிப் போக முன்னர் படத்தை அனுப்பி அபிப்பிராயம் பெற முடியுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பல வேளை முடியும்.

அனுப்பும் படம் போனில் பிடித்த பிலிம் படமாக இருக்கக் கூடாது. மெல்லிய தழும்பும் சிறிய முடிச்சும் அதில் அழிந்துபோகும். ஸ்கேன் எடுத்த இடத்தில் டைகொம் கோப்புகளோடு (மெஷினில் பதிவான மூலப் படங்கள்) இறுவட்டு கேட்டு வாங்குங்கள், மெல்லிய துண்டுகளும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அதைவிடப் பெறுமதியானது பழைய படம். ஐந்து வருடத்துக்கு முன் வேலைக்காகவோ வெளிநாட்டு விசாவுக்காகவோ எடுத்த எக்ஸ்ரே அலுமாரிக்குள் கிடந்தால் தேடி எடுங்கள். இன்று தெரியும் திண்மையான புள்ளி அன்றும் அதே அளவில் இருந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு மேல் வளராத அந்தப் புள்ளியை பெரும்பாலும் தழும்பு என்று விட்டுவிடலாம். ஊசியும் வேண்டாம், பெட் ஸ்கேனும் வேண்டாம். கிளினிக் கொப்பி, சளி ரிப்போர்ட், குடிக்கும் மருந்துகளின் மட்டைகள், செய்த தொழில்களை வருடத்தோடு எழுதிய ஒரு தாள், பழைய எக்ஸ்ரே, இறுவட்டு. நிபுணரைப் பார்க்கப் போகும் பையில் இவை இருந்தால் போதும்.